ஆற்றில் ஊற்றினாலும் அளந்து ஊற்று: ரெசின் மேசைக்கு எந்த வழி?

எபாக்ஸி ரெசின் மேசை என்றதும் எல்லோர் கண் முன்னும் வருவது ஒரே படம்தான். இரண்டு பக்கமும் ஓரம் வெட்டாத பலகை, நடுவே பளபளவென்று ஒரு நீல ஆறு. ரிவர் டேபிள் என்று அதற்குப் பெயர். எபாக்ஸி ரெசின் என்பது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் இறுகிப் பிளாஸ்டிக்போல் ஆகும் பொருள். மரமும் ரெசினும் சேர்ந்த மேசை அந்த ஒரு மாதிரியோடு முடிந்துவிடுவதில்லை. விரிசல்களில் மட்டும் ரெசின் நிரப்பிய மேசை உண்டு, மேல் முழுக்கக் கண்ணாடிபோல் ரெசின் ஊற்றிய மேசை உண்டு, ரெசினே இல்லாமல் ஆற்றுக்குக் கண்ணாடி பதித்த மேசையும் உண்டு. வீட்டில் செய்யப்போகிறவர் இவற்றில் எதை எடுப்பது?

அழகை வைத்து ஒப்பிட்டால் சண்டை முடியாது. அதனால் நான் லிட்டரை வைத்து ஒப்பிடுகிறேன். எவ்வளவு ரெசின் ஊற்றுகிறீர்கள் என்பதுதான் செலவு, சூடு, கசிவு, காத்திருப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரே அளவு மேசையை எடுத்துக்கொள்வோம்: 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமன்.

ஆறு: 8 லிட்டர்

நடுவில் சராசரியாக 15 செ.மீ. அகலத்துக்கு ஆறு விட்டால் 120 × 15 × 4 = 7,200 கன செ.மீ., அதாவது 7.2 லிட்டர். பலகையின் ஓரம் வளைந்து நெளிந்து இருக்கும், கொஞ்சம் கசியும், மட்டம் செய்யும்போது கொஞ்சம் சீவிப் போகும். ஆக 8 லிட்டர் கையில் இருக்க வேண்டும். ரெசின் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. அந்த ஆறு மட்டுமே 8 கிலோ அளவில் இருக்கும். அதே இடத்தில் நடுத்தரக் கனமுள்ள மரம் இருந்தால் ஏறக்குறைய 5 கிலோதான்.

இந்த முறையின் உண்மையான எதிரி சூடு. ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் கலந்ததும் வினை தொடங்கி வெப்பம் வெளிவரும். மெல்லிய படலமாக இருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். திரண்டு ஒரே இடத்தில் இருந்தால் வெளியேற வழியில்லை. சூடு வினையை வேகப்படுத்தும், வேகம் இன்னும் சூட்டைக் கூட்டும். கலந்த வாளியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டால் சில வகை ரெசின் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் புகையவே தொடங்கும். அச்சுக்குள் இது நடந்தால் மஞ்சள் பாயும், வெடிப்பு விழும், மரத்தை விட்டு விலகும். மெல்லிய படலத்துக்கான மேற்பூச்சு ரெசினை வாங்கி 4 செ.மீ. பள்ளத்தில் ஒரே மூச்சில் ஊற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ஆற்றுக்கு ஆழமாக ஊற்றுவதற்கான ‘டீப் போர்’ வகைதான் வேண்டும். தண்ணீர்போல் ஓடும், மெதுவாக இறுகும், தயாரிப்பைப் பொறுத்து ஒரே ஊற்றில் 2.5 முதல் 5 செ.மீ. வரை, சிலவற்றில் அதற்கும் மேலேகூடத் தாங்கும். புட்டியில் போட்டிருக்கும் ஆழம் ஏறத்தாழ 20-24 டிகிரி அறைக்கான கணக்கு. அறை 30 டிகிரியில் இருந்தால் அதே ஆழத்தை நம்பி ஊற்றக் கூடாது, குறைத்துக்கொண்டு இரண்டு தடவையாக ஊற்ற வேண்டும்.

தண்ணீர்போல் ஓடுவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. ஊசி நுழையும் இடைவெளி கிடைத்தால் போதும், இரவோடிரவாக வெளியேறிவிடும். வழவழப்பான மேல்பரப்புள்ள மெலமைன் பலகையில் அச்சு செய்து, உள்ளே ரெசின் ஒட்டாத டேப் ஒட்டி, மூலைகளில் சிலிகோன் பூசி, அது காய்ந்த பிறகே ஊற்றலாம். பலகைகளை மேலிருந்து கிளாம்ப் போட்டு அழுத்தி வைக்கவும் வேண்டும். பெரும்பாலான மரங்கள் ரெசினைவிட லேசானவை, பிடிக்காவிட்டால் மிதந்து மேலே வரும், ரெசின் அடியில் புகுந்துகொள்ளும்.

ஊற்றியதும் முடிவதில்லை. அச்சைப் பிரிக்கவே 2-3 நாள் ஆகும், முழு இறுக்கத்துக்குச் சில வாரங்கள்கூடப் போகும். பிறகு மேல் முழுவதையும் மட்டம் செய்ய வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, சரியாக வந்த ஆற்று மேசைக்கு ஈடான காட்சி வேறு எதிலும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விரிசல் நிரப்புதல்: அரை லிட்டர்

என் ஓட்டு இதற்குத்தான். நல்ல அகலமான ஒரே பலகை, அல்லது ஒட்டிச் சேர்த்த இரண்டு மூன்று பலகைகள். அதில் இருக்கும் கணு, வெடிப்பு, புழு அரித்த பள்ளம் ஆகியவற்றை மட்டும் ரெசினால் நிரப்புவது. மேற்சொன்ன அளவு மேசைக்கு அரை லிட்டரைத் தாண்டுவது அரிது. பெரிய அச்சு வேண்டாம். பள்ளத்தின் அடியில் டேப் ஒட்டி, சுற்றி ஒரு சிறு அணை கட்டினால் போதும். கசிந்தாலும் ஒரு குவளைதான் போகும், பலகை எப்படியும் மிஞ்சும்.

தச்சு வேலை தெரிந்தவர்கள் இங்கே பட்டாம்பூச்சிக் கட்டையையும் நினைப்பார்கள். விரிசல் மேலும் ஓடாமல் இருக்க, அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு மரத்துண்டைப் பதிப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மரக்கலைஞர் ஜார்ஜ் நாகஷிமா (1905-1990) ஓரம் வெட்டாத பலகைகளில் இதையே தன் அடையாளமாக ஆக்கிக்கொண்டார். உளி பிடிக்கப் பழகியவருக்கு இது ரெசினைவிட நேர்மையான வழி. பழகாதவருக்கு ரெசின் சுலபம். இரண்டும் சேர்ந்தே வந்தால் இன்னும் பலம்: ரெசின் இடத்தை நிரப்பும், கட்டை இழுவையைத் தாங்கும்.

முழு மேற்பூச்சு: 2.5 லிட்டர்

120 × 60 பரப்பில் 3 மி.மீ. படலம் என்றால் 2,160 கன செ.மீ. ஓரங்களில் வழிவதையும் சேர்த்தால் இரண்டரை லிட்டர். மேற்பூச்சு ரெசின் கெட்டியானது, தானே மட்டமாகும், ஏறக்குறைய அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஒரு பங்கு என்று கலப்பார்கள் (டீப் போர் வகைகளில் 2:1, 3:1 விகிதம் சகஜம்). மட்டப்படுத்தும் கருவிகள் எதுவும் இல்லாதவருக்கு இது கவர்ச்சியான வழி. ஏற்கெனவே இருக்கும் மேசைக்கே செய்துவிடலாம்.

ஆனால் அந்தப் பளபளப்போடு வாழ்வது கடினம். ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தில் கண்ணைக் குத்தும், விரல் ரேகை பதியும், பூச்சு இறுகும்போது விழுந்த தூசி என்றைக்கும் அங்கேயே இருக்கும். தொட்டால் மரம் கைக்குப் படாது, பிளாஸ்டிக்தான் படும். மேலே மட்டும் அடைத்துக் கீழே திறந்து விட்டால், மரம் கீழ்ப்பக்கமாக மட்டும் ஈரத்தை இழுத்தும் விட்டும் வளையத் தொடங்கும். கீழேயும் ஒரு பூச்சு கட்டாயம். கடை, விடுதி மேசைகளுக்கு இது சரி. வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கண்ணாடி ஆறு: ஒரு சொட்டுகூட வேண்டாம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த கிரெக் கிளாசன் பெயர் பெற்றது மரத்தில் நீலக் கண்ணாடி பதித்த ஆற்று மேசைகளால்தான். பலகைகளின் உள் ஓரத்தில் கண்ணாடியின் தடிமனுக்குப் படி வெட்டி, வளைவுக்கேற்ப அறுத்த கண்ணாடியை அதில் உட்கார வைப்பது. சூடான பாத்திரத்தை ரெசினைவிட நன்றாகத் தாங்கும், மஞ்சளாகாது, உடைந்தால் மாற்றலாம். வளைவை அட்டையில் துல்லியமாக வரைந்து கண்ணாடி அறுப்பவரிடம் கொடுக்க வேண்டும். வலுவூட்டிய டெம்பர்டு கண்ணாடி என்றால் அறுப்பதெல்லாம் முதலில் முடிந்துவிட வேண்டும், வலுவூட்டிய பிறகு ஒரு மி.மீ.கூடக் குறைக்க முடியாது. மரத்தில் பள்ளமும் படியும் குடையும் ரூட்டர் இயந்திரம் கையில் நன்றாகப் படிந்தவருக்கு ரெசின் ஆற்றைவிட இது நிம்மதி.

பாலியெஸ்டர் ரெசின் போதாதா?

விலை குறைவு என்பதால் பலர் கேட்கும் கேள்வி. படகு வேலைக்கு வாங்கும் அதே சரக்கு. இறுகும்போது அது கன அளவில் 5 முதல் 8 சதவீதம்வரை சுருங்கும், எபாக்ஸி அதைவிட மிகக் குறைவாகவே சுருங்கும். 15 செ.மீ. அகல ஆறு சுருங்கினால் மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். அதிலுள்ள ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் நாற்றத்தில் வீட்டுக்குள் நிற்கவும் முடியாது. ஒரே ஒரு சௌகரியம், பாலியெஸ்டரில் ஹார்டனரைச் சற்றுக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். அந்தப் பழக்கத்தோடு எபாக்ஸிக்கு வருகிறவர்கள் இங்கும் ஹார்டனரைக் கூட்டுவார்கள், அது வேகமாக இறுகாது, என்றைக்கும் பிசுபிசுவென்றே இருக்கும். எபாக்ஸியில் ஹார்டனர் வினையின் பாதி. சொன்ன விகிதம், சொன்ன முறை: கன அளவு என்றால் கன அளவு, எடை என்றால் எடை. பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றி மறுபடி கலக்கினால் ஒட்டும் திட்டுகள் வராது.

மரத்தின் ஈரம்

எந்த வழியை எடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. வீட்டுக்குள் இருக்கும் மேசைக்குப் பலகையின் ஈரம் 8-12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஈரப்பத மீட்டர் இல்லாமல் பலகை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. சூளையில் உலர்த்தியது கிடைத்தால் அதுவே மேல். பட்டையை முழுக்க உரித்துக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரெசின் ஒட்டுவது பட்டையோடு, மரத்தோடு அல்ல. தேக்குபோல் எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்றால் ஊற்றுமுன் அசிட்டோனால் துடைப்பது நல்லது.

குமிழிகள் கலக்கும்போது மட்டும் வருவதல்ல, மரத்துளைகளிலிருந்தும் வருபவை. முதலில் ஒரு மெல்லிய பூச்சு ரெசினைப் பிரஷ்ஷால் தடவி அடைத்துவிட்டு ஊற்றினால் பாதித் தொல்லை போய்விடும். அறையின் வெப்பம் ஏறும் வேளையில் ஊற்றினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும், இறங்கும் வேளையில் அந்தக் காற்று ஒடுங்கும். மாலையில் ஊற்றச் சொல்வது அதனால்தான்.

நிறம்

தெளிந்த ரெசின் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்: குமிழி, தூசி, பட்டைத் துணுக்கு, அடிப்பக்கத்துக் கீறல். கருப்போ அடர் பச்சையோ எல்லாவற்றையும் மூடும். மினுமினுக்கும் மைக்கா தூள் அலை அலையாக அழகு தரும், ஆனால் மெதுவாக இறுகும் டீப் போரில் அடியில் போய்ப் படியும். கொஞ்சம் கெட்டிப்படத் தொடங்கும் நேரம் பார்த்து ஒரு குச்சியால் மெல்லக் கிளறிவிட்டால் அலை நிற்கும். தண்ணீர் கலந்த பெயின்ட்டைச் சேர்க்க வேண்டாம், இறுகுவதைக் கெடுக்கும். சூரிய ஒளி நேராக விழும் இடத்தில் எந்த எபாக்ஸியும் காலப்போக்கில் மஞ்சளாகும். வெள்ளையும் தெளிவும் அதை முதலில் காட்டும்.

மட்டம், மெருகு

ஆற்று மேசைக்கு இழைப்புளி போதாது. ரெசினில் அலகு சீக்கிரம் மழுங்கும், ஓரத்தில் சில்லுப் பெயரும். இரண்டு தண்டவாளங்களுக்கு மேல் ரூட்டரை நகர்த்தும் சட்டம் செய்துகொண்டு, தடவைக்கு 1-2 மி.மீ. என்று சீவுவதுதான் வீட்டு வழி. ஒரே நாள் வேலைக்காக அந்தச் சட்டத்தைச் செய்ய மனமில்லையென்றால், அகல சாண்டர் (தேய்த்து மட்டமாக்கும் இயந்திரம்) இருக்கும் பட்டறையில் கொடுத்து வாங்குவதில் தப்பே இல்லை. விரிசல் நிரப்பிய பலகைக்குக் கை சாண்டரே போதும்: 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 180, 220 உப்புத்தாள் (எண் கூடக் கூடத் தாள் நயமாகும்).

மெருகுக்கு எண்ணெய்-மெழுகு கலந்த பூச்சு ஒருபுறம், பாலியூரித்தேன் வார்னிஷ் மறுபுறம். எண்ணெய் மரத்துக்குள் இறங்கும், ரெசினுக்குள் இறங்காது. அதனால் ரெசின் பகுதியை இன்னும் நயமான தாளில் தேய்க்காவிட்டால் 220-இன் கீறல்கள் வெள்ளைப் புகைபோல் தெரியும், அடர் நிறத்தில் இன்னும் மோசம். வார்னிஷ் அந்தக் கீறல்களைப் பெரிதும் மறைக்கும், கறை தாங்கும், ஆனால் பழுதானால் முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெயில் கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்யலாம். நான் எண்ணெய்ப் பக்கம். எதைப் பூசினாலும் ரெசினுக்கு மேல் சூடான பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது. பல வகைகள் 50-60 டிகிரியிலேயே இளகி வட்டத் தழும்பு வாங்கும்.

நாற்றமில்லாத ரெசின் தீங்கில்லாத ரெசின் அல்ல. இறுகாத எபாக்ஸி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறு அளவே போதும், உடம்பு தடித்துவிடும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், கலக்கும்போது ஆவிக்கான முகக்கவசம், தேய்க்கும்போது தூசிக்கான முகக்கவசம். கையில் பட்டதை தின்னரால் துடைத்தால் அது ரெசினைத் தோலுக்குள் தள்ளும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கால்களில் நான்கு வழியும் மறுபடி ஒன்றாகிவிடுகின்றன. இரும்புச் சட்டமோ மரக் காலோ, பலகையை அசையவிடாமல் இறுக்கித் திருகினால் அது பருவத்துக்குப் பருவம் விரியவும் சுருங்கவும் இடமில்லாமல் வெடிக்கும். மர இழைக்குக் குறுக்கே 60 செ.மீ. அகலத்தில் சில மில்லிமீட்டர் அசைவு சாதாரணம். திருகு போகும் துளையை அந்தத் திசையில் நீளமாக வெட்டி, வாஷர் போட்டு முடுக்குங்கள்.