அரிவாள் செல் நோய்க்கு இரண்டு மரபணு மருந்துகள்: காஸ்கெவியா, லிஃப்ஜீனியாவா?

அரிவாள் செல் நோய் என்பது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் எடுக்கும் பரம்பரை நோய். இரண்டு மருந்துகளுக்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 டிசம்பர் 8 அன்று, ஒரே நாளில் அனுமதி தந்தது. அந்த அனுமதி 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. வேலை செய்யும் விதம்தான் வேறு. காஸ்கெவி, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் பிசிஎல்11ஏ மரபணுவின் ஊக்கப் பகுதியை வெட்டுகிறது. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினைப் பின்னர் அடக்கிவைப்பது இந்த மரபணுதான்; எனவே அந்தக் கருப்பருவ ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கத் தொடங்கும். லிஃப்ஜீனியா எதையும் வெட்டாது. நோய் தராதபடி மாற்றிய லென்டிவைரஸ் (எச்ஐவி வகை வைரஸ்) மூலம், அரிவாள் வடிவம் எடுக்காத பீட்டா குளோபின் (ஹீமோகுளோபினின் ஒரு பகுதி) மரபணுவைக் கூடுதலாகச் செருகுகிறது. அது எந்த இடத்தில் போய் அமரும் என்பது நம் கையில் இல்லை.

நோயாளி படும் பாடு இரண்டிலும் ஒன்றே. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களைச் சேகரித்து, வெளியே மாற்றி, திரும்ப ஏற்றுவார்கள். அந்தச் செல்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறக்க ப்ளெரிக்சாஃபோர் என்ற மருந்து மட்டுமே. இதற்கு வழக்கமாகப் போடும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி இவர்களுக்குக் கடும் வலி நெருக்கடியைக் கிளப்பிவிடும். திரும்ப ஏற்ற, உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 30 லட்சம் மாற்றிய செல்கள் வேண்டும், போதாவிட்டால் மறுபடி சேகரிப்பு. பிறகு, பழைய மஜ்ஜைச் செல்களை அழிக்கும் பூசல்ஃபான் கீமோ. அது மலட்டுத்தன்மை தரக்கூடும் என்பதால் விந்து, கருமுட்டைச் சேமிப்பை முன்பே முடித்துவிட வேண்டும்.

லிஃப்ஜீனியாவுக்கு ரத்தப் புற்றுநோய் குறித்த கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கை) உண்டு. 15 ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கொருமுறை ரத்த அணுப் பரிசோதனை. அதைப் போட்டுக்கொண்டவருக்கு எச்ஐவி பிசிஆர் (மரபணுத் தடயம் தேடும்) சோதனை பொய்யாக பாசிட்டிவ் காட்டலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மீள்வது இரண்டிலும் தாமதமாகலாம்.

2023இல் அறிவிக்கப்பட்ட விலை: காஸ்கெவி 22 லட்சம் டாலர், லிஃப்ஜீனியா 31 லட்சம். ஆல்ஃபா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக் கூறும் சேர்ந்து உள்ளவருக்கு லிஃப்ஜீனியா சோகையை நீடிக்கச் செய்யலாம்.