மொட்டை மாடி ஒழுகலுக்கு ஆப்பில் ஆள் கூப்பிட்டு 62,000 ரூபாய் இழந்தேன். வாடகைக்கு விடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

முந்தாநாள் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் மாடி போர்ஷனில் கூரைப் பூச்சு ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்துக்கும் குழந்தையின் தூளிக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கும். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது குடியிருக்கும் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, சரி பண்ணியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சொன்னபோது சரி பண்ணியாச்சு என்றுதான் நானும் நம்பினேன். அதற்காகத்தான் 62,000 ரூபாய் கொடுத்தேன்.

அந்த 62,000 எப்படிப் போனது என்று எழுதுகிறேன். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடு தண்டையார்பேட்டையில். 1989-ல் என் மாமனார் கட்டியது. கீழே நான், மேலே வாடகை. கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். அந்த வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. மாடி வாடகை 9,000 மட்டும்தான் நிச்சயம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் நோகாமல் உட்கார்ந்து பணம் எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் ஒரு வருஷம் விட்டுப் பார்க்கட்டும். மோட்டார் எரிந்தாலும் நாம்தான், டிரெயினேஜ் அடைத்துக்கொண்டாலும் நாம்தான், சம்ப்பில் சாக்கடை கலந்து வந்தாலும் நாம்தான். முன்பு இருந்தவர்கள் இரண்டு கரண்ட் பில்லைக் கட்டாமல் காலி செய்தார்கள். போகிறபோது பாத்ரூம் கதவின் கொண்டியைக்கூட விடவில்லை. இப்போது இருப்பவர்கள் அப்படியில்லை. அந்தத் தம்பி ஹார்பர் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீஸில் வேலை பார்க்கிறான். போன மாதம் வரைக்கும் ஐந்தாம் தேதி தாண்டி வாடகை வந்ததே கிடையாது. மெட்ரோ நடக்கிற தூரத்தில் இருக்கிறது என்றுதான் இங்கே வந்தார்கள். நல்ல குடித்தனம் அமைவது எவ்வளவு கஷ்டம் என்று வீடு விடுகிறவர்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை கொட்டியபோதுதான் ஹால் கூரையில் முதன்முதலாக உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. அப்புறம் அது தட்டு அளவு ஆனது. எங்கள் பக்கம் கடல் காற்று. காசிமேடு கூப்பிடு தூரம். தளத்துக்குள் தண்ணீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், உப்புக் காற்று வேறு சேர்ந்தால் சீக்கிரமே பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் கீழே இருக்கிற காங்கிரீட்டையும் பூச்சையும் வெளியே தள்ளும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது.

இந்த மே மாதம், கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். பழக்கமான கொத்தனார் ஊருக்குப் போயிருந்தார். வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்புகிற ஆப் ஒன்று. பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர் எல்லாரும் அதில் வருவார்கள். என் தங்கை மகன் ஏ.சி. சர்வீஸுக்கு அதில்தான் கூப்பிடுவான். அவனே புக் செய்து கொடுத்தான். வந்து பார்த்துச் சொல்வதற்கு 299 ரூபாய்.

நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால் விவரமாகச் சொல்கிறேன். வந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆப்பின் பெயர் போட்ட டீ-ஷர்ட், கழுத்தில் ஐ.டி. கார்டு. படி ஏறும் முன் செருப்பைக் கழற்றினான். வேண்டாம்ப்பா, சுடும் என்றேன். "பரவால்லம்மா, வீட்டுக்குள்ள போற வழி" என்றான். அந்த வெயிலில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு குனிந்து குனிந்து தளத்தில் பதித்த ஒவ்வொரு தட்டோட்டையும் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தான். ஓட்டுக்குக் கீழே காலியாக இருந்தால் சத்தம் மாறும் என்று எனக்கும் தட்டிக் காட்டினான். சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டான். முப்பத்திரண்டு வட்டம். இத்தனை வருஷத்தில் என் தளத்தை இவ்வளவு பொறுமையாக யாரும் பார்த்ததில்லை. கீழே வந்ததும் மோர் கொடுத்தேன். "எங்கம்மாவும் தனியாத்தாம்மா இருக்காங்க, வியாசர்பாடில" என்றான். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

730 சதுர அடி. ஆப்பில் போட்டால் 74,000 வரும் என்று போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். "அதுல பாதி கமிஷன்லயே போயிடும்மா. புக்கிங்க கேன்சல் பண்ணிடுங்க. அதே கெமிக்கல், அதே ஆளுங்க, அடிக்கு 85 ரூபா போட்டு ரவுண்டா 62,000ல முடிச்சுத் தரேன். பத்து வருஷம் வாரண்டி கார்டும் நானே தரேன்." 12,000 மிச்சம் என்பது எனக்குப் பெரிய பணம். கேன்சல் பட்டன் எங்கே இருக்கிறது என்று அவனே காட்டினான். நான் அழுத்தினேன்.

அன்று மாலையே மெட்டீரியலுக்கு என்று 40,000 ஜிபேயில் அனுப்பினேன். கணவரின் பி.எஃப். பணத்தில் போட்டிருந்த டெபாசிட்டை உடைத்து எடுத்த பணம் அது.

மூன்று நாள் வேலை என்றவன் ஒன்றரை நாளில் முடித்துவிட்டான். இரண்டு பையன்கள் வந்தார்கள். துடைப்பத்தால் பெருக்கினார்கள், ரோலரில் வெள்ளையாக எதையோ தேய்த்தார்கள். மாடி பளிச்சென்று இருந்தது. தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். மாமனார் இருந்தபோது மழைக்காலத்துக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, ராத்திரி முழுக்கத் தண்ணீர் நிற்கவிட்டு, காலையில் கீழே வந்து கூரையை அண்ணாந்து பார்ப்பார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிய தளம் என்று பெருமையாகச் சொல்வார். இவன் சொன்ன பதில், "இது புது கெமிக்கல்மா, ஏழு நாள் தண்ணி படக்கூடாது. அப்புறம் நானே வந்து தண்ணி கட்டிக் காட்டறேன்." மீதி 22,000-ஐயும் வாங்கிக்கொண்டு போனான். தண்ணீர் கட்ட வரவே இல்லை. பில்லும் இல்லை. ஒரு அட்டை மட்டும், தங்க நிற எழுத்தில் பத்து வருஷம் வாரண்டி என்று.

ஆடி, ஆவணியில் சாயங்கால மழைகள் பெய்தன. ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று தங்கையிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்ததும் பழைய இடத்தில் மட்டுமல்ல, ஃபேன் கொக்கி வழியாகவும் சொட்டியது.

போன் செய்தேன். "சைட்ல இருக்கேம்மா, சாயந்தரம் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. மறுநாள், "மழை விடட்டும்மா, ஈரத்துல கெமிக்கல் புடிக்காது." மழை விட்டது. "இந்த வாரம் ஆளுங்க இல்லம்மா." அடுத்த வாரம் வீட்டில் துக்கம் என்றான். அதையும் நம்பி, பாவம் என்று இரண்டு நாள் போன் செய்யாமல் இருந்தேன். அதற்கப்புறம் ரிங் போவதில்லை. வாட்ஸாப்பில் அவன் படம் மறைந்துவிட்டது, நான் அனுப்புவதற்கு ஒரு டிக்தான் வருகிறது. தங்கை மகனின் போனிலிருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

ஆப் கம்பெனியைக் கூப்பிட்டேன். முதலில் மெஷின் பேசியது. அப்புறம் ஒரு பெண், நல்ல மரியாதையாக, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம், 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வார்கள்" என்றாள். நாலு நாள் கழித்து நானே அடித்தேன். "அந்த புக்கிங் உங்க சைடுலேர்ந்து கேன்சல் ஆகியிருக்கு மேடம். அதனால எங்களுக்கு சம்பந்தம் இல்ல." நீங்கள் அனுப்பிய ஆள்தானே, உங்கள் டீ-ஷர்ட்தானே போட்டிருந்தான் என்றேன். அவர் இப்போது எங்களிடம் இல்லை என்றாள். வேறு யாரிடமாவது பேச வேண்டும் என்றேன். லைனில் பாட்டு போட்டார்கள், இருபது நிமிஷம் ஓடியது, கட் ஆனது. 62,000 ரூபாய்க்கு அவர்கள் கொடுத்தது ஒரு டிக்கெட் நம்பர். மறுநாள் பார்த்தால் அதுவும் தீர்க்கப்பட்டது என்று காட்டுகிறது. யார் தீர்த்தார்கள்? எதைத் தீர்த்தார்கள்?

வாரண்டி கார்டில் பெரம்பூர் விலாசம் ஒன்று இருந்தது. போன வாரம் மழையில் இரண்டு பஸ் மாறிப் போனேன். கீழே சாவி போடுகிற கடை, மேலே பூட்டிய ரூம். கடைக்காரர், "அவங்க ஆனி மாசமே காலி பண்ணிட்டாங்களேம்மா, எனக்கே பாக்கி இருக்கு" என்றார். பத்து வருஷம் வாரண்டி கொடுத்தவன் இரண்டு மாதம்கூட அந்த ரூமில் இல்லை. அங்கே நின்று கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில், புதிய விரிசல், தேங்கும் தண்ணீர், கைப்பிடிச் சுவர் ஓரம் ஆகியவற்றுக்கு வாரண்டி பொருந்தாது என்று இருக்கிறது. தளம் ஒழுகுவதற்கு வேறு என்ன வழி இருக்கிறது?

நேற்று ஊரிலிருந்து திரும்பிய எங்கள் கொத்தனார் வந்து பார்த்தார். கரண்டி முனையை அந்த வெள்ளைப் பூச்சுக்கு அடியில் விட்டு நெம்பினார். சூடான பாலில் ஆடை எடுப்பது போல ஒரு முழ அகலத்துக்கு உரிந்து வந்தது. அதற்குக் கீழே, தட்டோட்டின் மேல், மே மாதம் அவன் போட்ட சாக்பீஸ் வட்டம் அழியாமல் இருந்தது. தட்டோட்டைக் கழுவவில்லை. ஆடிய தட்டோட்டைப் பெயர்த்து மாற்றவில்லை. இடுக்குகளைச் சுரண்டி அடைக்கவில்லை. புழுதியின் மேலேயே தேய்த்துவிட்டுப் போயிருக்கிறான். முப்பத்திரண்டில் ஏழு வட்டத்தை நானே உரித்துப் பார்த்தேன், ஏழும் அப்படியே இருந்தன. கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற ஓரத்தில்தான் முக்கால்வாசித் தண்ணீர் இறங்குகிறது என்றும், தண்ணீர் ஓடுகிற வாட்டமே போய்விட்டது என்றும் கொத்தனார் சொன்னார். அந்தப் பூச்சுக்குள் புகுந்த தண்ணீர் வெயிலிலும் காய வழியில்லாமல் உள்ளேயே நின்று இன்னும் கெடுத்திருக்கிறதாம். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காதோ என்னவோ.

மாடி வீட்டுத் தம்பி இந்த மாத வாடகையை நிறுத்திவைத்திருந்தான். அதற்காகப் போன வாரம் அவனிடம் கத்திவிட்டேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2017-ல் வந்த வாடகைச் சட்டத்தில் கட்டடத்தின் பெரிய ரிப்பேர் வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. அவன் கேட்டதில் தப்பில்லை. நேற்றுக் காலையில் குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலி செய்கிறோம், அட்வான்ஸ் 50,000 வேண்டும் என்றார்கள். இன்று செயினை அடகு வைத்துக் கொடுத்துவிட்டேன். ஆக, போன 62,000 கிட்டத்தட்ட ஏழு மாத வாடகை. இனி வாடகையும் இல்லை. தளத்தைப் பெயர்த்துத் திரும்பப் போட வேண்டும். அதற்கு எவ்வளவு என்று கொத்தனார் இன்னும் சொல்லவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, நாலு மட்டும் சொல்கிறேன். ஆப்பில் வந்த ஆள் கேன்சல் பண்ணுங்கள் என்றால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுங்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். குழாயை அடைத்து ஒரு ராத்திரி, ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, கீழே ஈரம் இல்லை என்று பார்க்காமல் மீதிப் பணம் தராதீர்கள். வேலை நடக்கும்போது மாடியிலேயே நில்லுங்கள், கழுவுகிறார்களா என்று பாருங்கள்.

1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பரில் புகார் கொடுத்துவிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். அதில் ஆகவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, கார்டு, சாக்பீஸ் வட்டங்களின் போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி வெறுங்காலோடு வந்து வட்டம் போட்ட ஆள் பெரம்பூர், கொளத்தூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் யார் வீட்டுக்காவது வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம். மறுபடி மழை பிடித்துவிட்டது, மேலே வாளி நிரம்பியிருக்கும். போய்க் கொட்டிவிட்டு வருகிறேன்.