ஒரு பஞ்சரோட போனேன், நாலு பஞ்சரோட வந்தேன் – ஓஎம்ஆர்ல சைக்கிள் ஓட்டுறவங்க கவனத்துக்கு

மக்களே, கொஞ்சம் பெரிய பதிவுதான், ஆனா சென்னை ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் சைக்கிள்ல ஆபீஸ் போறவங்க யாராவது இருந்தா முழுசா படிச்சிடுங்க. போன வியாழக்கிழமை எனக்கு நடந்தது இது. கடை பேரு போடல, ஏன்னா அந்தக் கடைக்குப் பேரே கிடையாது, மரத்துல ஒரு பழைய டயர மாட்டி அதுல வெள்ளை பெயின்ட்ல பஞ்சர்னு எழுதி வச்சிருக்காங்க, அவ்ளோதான். அந்த மாதிரி டயர் தொங்குற மரம் ஊர்ல எத்தனையோ இருக்கு.

நான் திருவான்மியூர்ல இருந்து சிறுசேரிக்கு வாரத்துல நாலு நாள் சைக்கிள்லதான் போறேன், நாலு வருஷமா. ஒரு வழியே 20 கிலோமீட்டருக்கு மேல வரும். பஞ்சர் எனக்குப் புதுசு இல்லங்க. மெட்ரோ வேலை ஆரம்பிச்சதுல இருந்து ரோட்டோரம் பூரா கட்டுக்கம்பி, அதான் கம்பி கட்டுறவங்க முறுக்கிட்டு நறுக்கிப் போடுவாங்களே அந்தத் துண்டு, ஒரு இஞ்ச் கூட இருக்காது, ரோட்டு கலர்லயே கிடக்கும். முன்சக்கரம் அதைத் தட்டி நிமித்தி விடும், பின்சக்கரம் போய் வாங்கிக்கும். நம்ம வெயிட்டும் பின்னாடிதான் ஜாஸ்தி இறங்குது, அதனால எனக்கு வர்ற பஞ்சர்ல முக்காவாசி பின்சக்கரம்தான்.

எப்பவும் சீட்டுக்கு அடியில ஒரு சின்ன பை இருக்கும், அதுல ஸ்பேர் டியூப், டயர நெம்பிக் கழட்டுற ரெண்டு லிவர், பேட்ச், எல்லாம் வச்சிருப்பேன். அன்னைக்குன்னு பார்த்து அது இல்ல, முந்தின நாள் சைக்கிள கழுவுறேன்னு கழட்டி பால்கனில வச்சவ அப்படியே மறந்துட்டேன். பம்ப் மட்டும் ஃப்ரேம்ல இருந்துச்சு. பம்ப வச்சிக்கிட்டு என்ன பண்றது, ஓட்டைக் குடத்துல தண்ணி புடிச்ச கதைதான்.

சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டி கொஞ்ச தூரம், மணி ஏழு இருக்கும், பின்னாடி சைக்கிள் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சிடுச்சு. நான் இறங்கிப் பார்க்கிறதுக்குள்ள ஸ்கூட்டில வந்த ஒருத்தர், "அக்கா பின்னாடி காத்தே இல்ல, அப்படியே முன்னாடி போங்க, ஒரு கடை இருக்கு, காலைலயே திறந்துருவாங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்போ நல்ல மனுசன்னு நினைச்சேன். இப்பவும் அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனா பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்ல பஞ்சர் கடைக்காரங்களே ஆணி போடுறாங்களோன்னு சந்தேகப்பட்டு ஒருத்தர் காந்தத்தைக் கட்டி இழுத்துக்கிட்டே போய் கிலோக்கணக்குல ஆணி பொறுக்கின கதை நியூஸ்ல எல்லாம் வந்துச்சே, அதெல்லாம் ஞாபகத்துக்கு வருதா இல்லையா.

கடைல ஒரு அம்பது வயசு ஆளு, கூட ஒரு சின்னப் பையன். "வாங்க மேடம், அஞ்சு நிமிசம்"னாரு. டயர கழட்டுறதுக்கு லிவர் எடுக்கல, ரெண்டு ஸ்க்ரூ டிரைவர உள்ள விட்டு நெம்புனாரு. அப்பவே நான் தடுத்திருக்கணும். அலுமினியம் ரிம்முல இரும்ப விட்டு நெம்புனா ரிம் விளிம்பும் போகும், டியூபும் கிழியும். சரி காலங்காத்தால வாக்குவாதம் எதுக்குன்னு விட்டேன். டியூப உருவி, காத்தடிச்சு, தொட்டித் தண்ணில முக்குனாரு. தண்ணின்னா தார் மாதிரி கருப்பு, கை உள்ள போனா விரலே தெரியாது. முட்டை முட்டையா காத்து வந்துச்சு, என் கண்ணால பார்த்தேன், ஒரு இடம். "ஒண்ணு 70 ரூபா மேடம்." எங்க தெருவுல 40 ரூபாதான், சரி மெயின் ரோடு, இருக்கட்டும்னு தலையாட்டுனேன்.

அவரு உப்புத்தாள வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சாரு, எனக்குப் பையனோட ஸ்கூல் வேன் டிரைவர் போன். வேன் லேட்டு, வேற வழியா வர்றேன்னு ஏதோ சொல்றாரு, லாரி சத்தத்துல ஒண்ணும் கேக்கல, ஒரு காத பொத்திக்கிட்டு அந்தப் பக்கமா நாலடி நடந்து போய்ப் பேசுனேன். ரெண்டு நிமிஷம், கூடிப்போனா மூணு. திரும்பி வந்தா, "மேடம் இங்க பாருங்க, இன்னும் ரெண்டு இருக்கு"ங்கறாரு. முக்கிக் காட்டுறாரு, ஆமா முட்டை வருது. ஒட்டுங்கன்னேன். மூணும் ஒட்டி முடிச்சு மறுபடி முக்குனா நாலாவதா ஒரு இடத்துல முட்டை. "டியூபே உளுத்துப் போச்சு மேடம், இனிமே ஒட்ட ஒட்ட வந்துக்கிட்டே இருக்கும், புதுசு போட்டுருங்க." அந்த டியூப் போட்டு ரெண்டு மாசம்தான் ஆகுது! நான் சொன்னேன், இல்லீங்க இது புது டியூப்னு. அதுக்கு அந்தச் சின்னப் பையன் சிரிச்சான். ஏன் சிரிச்சான்னு அப்போ புரியல.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வயிறு எரியுது. என் சைக்கிள் டியூப் பிரெஸ்டா வால்வு, ஒல்லியா நீட்டா இருக்குமே, தலையில குட்டித் திருகு வச்சு, அது. அவருகிட்ட இருந்தது பைக்குக்கு வர்ற மாதிரி குண்டு வால்வு. பிரெஸ்டா 6 மில்லிமீட்டர் தடிமன், குண்டு வால்வு 8, ரிம் ஓட்டைக்குள்ள போகவே போகாது. "இது சேராதுங்க, விடுங்க, நான் தள்ளிக்கிட்டே போறேன்"னு சொல்லிட்டு மணிய பார்க்க போன எடுத்தேன், அதுக்குள்ள பின்னாடி டர்ர்ர்னு சத்தம். டிரில்லிங் மெஷின். ரிம் ஓட்டைய பெருசாக்கிட்டாரு. சுருள் சுருளா அலுமினியம் பளபளன்னு மண்ணுல விழுந்து கிடக்கு, நான் வாயத் திறந்தபடி நிக்கிறேன். "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் பண்றது, இனிமே பெட்ரோல் பங்க்லயே காத்தடிச்சுக்கலாம், உங்களுக்குத்தான் வசதி"ங்கறாரு! கேட்டுட்டாவது செஞ்சிருக்கலாம்ல.

மூணு பஞ்சர் 210, டியூப் 480, லேபர் 100, ஆக 790. ஒட்டுன டியூபத் தூக்கிப் போட்டுட்டு புது டியூப் போட்டதுக்கு அப்புறமும் ஒட்டுனதுக்குக் காசு. லேட்டாகுது, யூபிஐல போட்டுட்டு கிளம்புனேன். ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணேன், பழைய டியூபக் கேட்டேன். "அது குப்பை மேடம், நான் போட்டுக்கிறேன்"னாரு. இல்ல குடுங்கன்னு கைல இருந்து வாங்கிட்டேன். தயவுசெஞ்சு எல்லாரும் இதப் பண்ணுங்க, பழைய டியூப விட்டுட்டு வராதீங்க, அதுலதான் எல்லாக் கதையும் எழுதியிருக்கு.

மறுநாள் காலைல பார்த்தா பின்சக்கரம் மறுபடி தரையோட தரையா ஒட்டிக்கிட்டு நிக்குது. அன்னைக்கு பஸ்ல போனேன், சாயங்காலம் வந்து கழட்டி உக்காந்தேன்.

டயர் உள்பக்கம் ஒரு பழைய சாக்ஸ விட்டுத் தடவுனேன் (விரல விடாதீங்க, கிழிச்சிடும், துணின்னா எதுல மாட்டுதுன்னு உடனே தெரிஞ்சிடும்). சாக்ஸ் மாட்டுச்சு. கட்டுக்கம்பி அங்கயே இருக்கு! மொத பஞ்சருக்குக் காரணமான கம்பிய எடுக்காமயே புது டியூப உள்ள வச்சு மூடியிருக்காரு, அது புதுசையும் குத்திருச்சு. கொறடால புடிச்சு இழுத்தேன், முக்கால் இஞ்ச் இருக்கும். அந்தப் புது டியூப்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்தா 26 இஞ்ச்சாம். என் டயர்ல 37-622ன்னு போட்டிருக்கும், அதாவது 700 சி. 26 இஞ்ச் மலை சைக்கிளுக்கு ரிம் அளவு 559 மில்லிமீட்டர், நம்மளுது 622. ரப்பர்தானே, இழுத்து மாட்டிட்டாரு. சைஸ் தெரியலன்னா டயர் பக்கவாட்டுல இருக்குற அந்த மூணு இலக்க நம்பரப் பார்த்துக் கேளுங்க, அது பொய் சொல்லாது.

அப்புறம் பழைய டியூப். பக்கெட்ல நல்ல தண்ணி வச்சு முக்கிப் பார்த்தேன். பேட்ச் நகத்தால கிள்ளுனதுமே உரிஞ்சு வந்துருச்சு, சொல்யூஷன் தடவி காயவே விடல போல, ஈரத்தோட அமுக்கியிருக்காரு. மொத ஓட்டை டயர் தரையத் தொடுற பக்கம், ஓரம் பிஞ்ச மாதிரி. வால்வுல இருந்து அளந்து டயர் மேல வச்சா கம்பி இருந்த இடத்துல கரெக்டா உக்காருது. டியூப் எந்தப் பக்கமா திரும்பி இருந்துச்சுன்னு தெரியாததால ரெண்டு திசைலயும் அளந்து பார்த்தேன், ஒரு திசைல பக்காவா சேர்ந்துச்சு. மத்த மூணும் டியூபோட உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்திருக்கிற பக்கம். சுத்தமான ரவுண்டு, ஊசி குத்துன மாதிரி, மூணும் ஒரே கோட்டுல, ஒண்ணுக்கொண்ணு ரெண்டு சென்டிமீட்டர் கூட இல்ல. ரோட்டுல கிடக்குற முள்ளு டயரத் துளைச்சு, டியூபோட வெளிப்பக்கத்தத் தொடாம, சுத்தி வந்து உள்பக்கமா குத்துமா?

நானும் அவசரப்பட்டு பழி போட வேணாம்னு யோசிச்சேன். ரிம் டேப், அதான் ரிம்முக்குள்ள ஸ்போக் ஓட்டைய மூடுற பட்டை, அது நகர்ந்தா ஸ்போக் ஓட்டை டியூப அறுக்கும், அப்போ உள்பக்கம்தான் ஓட்டை விழும். ஆனா டேப் அசையாம இருக்கு, அதுவுமில்லாம 32 ஸ்போக் ரிம்முல ஓட்டைக்கு ஓட்டை 6 சென்டிமீட்டர் கிட்ட இடைவெளி இருக்கு, இது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. காத்து கம்மியா குழில ஏத்துனா ரிம்முக்கும் டயருக்கும் நடுவுல நசுங்கி பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்து பக்கத்துல ரெண்டு கீறல் விழும், அதுவும் இல்ல. ஸ்க்ரூ டிரைவர் பட்டிருந்தாலும் கீறல்தான் வரும், ரவுண்டு வராது. மிச்சம் இருக்கிறது அந்தக் கருப்புத் தண்ணியும், நான் போன்ல நின்ன அந்த மூணு நிமிசமும்.

சனிக்கிழமை சைக்கிள எங்க தெருமுனை பாய் கடைக்குத் தள்ளிட்டுப் போனேன். எங்கப்பா காலத்து ஆளு அவரு, பழைய சைக்கிள்ல வால்வு டியூப் மாத்துனா எச்சில் தொட்டு வச்சு முட்டை வருதான்னு பார்ப்பாங்களே, இன்னும் அப்படித்தான் பார்க்கிறாரு. டியூப வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒரே பார்வை. "கோணி ஊசிம்மா"ன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு. ரிம் ஓட்டையத்தான் ரொம்ப நேரம் பார்த்தாரு, டிரில் போட்டவன் பிசிறு கூட எடுக்கல, அதுவே வால்வு அடிய அறுத்துரும்னு சொல்லி அரத்தால ராவி வழவழன்னு ஆக்கி, ஒரு ரப்பர் வாஷர ஓட்டைக்குள்ள சொருகி என் பிரெஸ்டா டியூப ஆடாம நிக்க வச்சாரு. என் ரிம் அகலம்ங்கிறதால தாங்கும்னாரு, ரேஸ் சைக்கிளோட ஒல்லி ரிம்முல இத பண்ணியிருந்தா ரிம்மயே மாத்த வேண்டியிருக்கும். அரம் புடிச்சதுக்கும் வாஷருக்கும் சேர்த்து 60 ரூபா.

அந்தக் கடைக்கும் போனேன், போகாம மனசு ஆறல. டியூபக் காட்டி மூணு ஓட்டையும் எப்படி உள்பக்கம் வந்துச்சுன்னு கேட்டேன். "வீட்ல நீங்களே குத்திட்டு வந்து என்னையச் சொல்றீங்களா"ன்னு சத்தம் போட்டாரு, பக்கத்துல டீ குடிச்சிட்டு இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. பையன் இந்தத் தடவ சிரிக்கல, தொட்டிப் பக்கமா போய் நின்னுக்கிட்டான். என் தம்பி 1915-க்கு போன் பண்ணு, கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், யூபிஐ ஸ்க்ரீன்ஷாட் இருக்குல்லங்கறான். பில் இல்ல, பேரு இல்ல, போர்டு இல்ல, யார் மேலன்னு குடுக்கிறது. இருந்தாலும் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன், காசுக்காக இல்ல, அந்த டிரில்லுக்காக.

வெளிய பஞ்சர் ஒட்டியே ஆகணும்னா டியூப் கண்ண விட்டு மறையக் கூடாது, போன் வந்தா அடிக்கட்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் டயர்ல எங்க குத்தியிருக்குன்னு காட்டுங்கன்னு கேளுங்க, காட்ட முடியலன்னா அங்கயே நிறுத்திடுங்க. டயருக்குள்ள துணி விட்டுத் தடவாம மூட விடாதீங்க. என் ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே மாதிரி ஒரு இடத்துல "இனிமே பஞ்சரே ஆகாது"ன்னு பச்சையா ஒரு லிக்விட ஊத்தி 350 வாங்கியிருக்காங்க, அடுத்த வாரமே வால்வு அடச்சிக்கிட்டு காத்தே ஏறல, அது தனிக் கதை.

எல்லா பஞ்சர் கடையும் இப்படி இல்லங்க, அத நான் சொல்லியே ஆகணும். பாதி ராத்திரில திருப்போரூர் பக்கம் ஒருத்தர் தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து ஒட்டிக் குடுத்துட்டு 30 ரூபா வாங்குனாரு, மேல குடுத்தப்போ வேணாம்னுட்டாரு.

பாய் அந்தப் பழைய டியூபக் கேட்டாரு, வெட்டி கேரியருக்கு பெல்ட் போட்டுக்கலாம்மான்னு. குடுக்கல. பால்கனில ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன், நேத்து எங்கம்மா அதுல ஈரத்துணி காயப் போட்டிருக்காங்க.