6061 அலுமினியம்: டி6 போதுமா, டி651 வேண்டுமா?

திருநெல்வேலி பேட்டையில் ஒரு வி.எம்.சி. (கணினி வழி இயங்கும் செங்குத்து மில்லிங்) இயந்திரமும் இரண்டு லேத்துகளும் வைத்து நாங்கள் நடத்தும் சிறிய பட்டறைக்கு, பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளின் பராமரிப்புக்கு வேண்டிய உதிரிகளே பெரும்பாலும் வேலையாக வரும். தென்மேற்குக் காற்று எழும்பும் முன் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்பதால், சித்திரையிலும் வைகாசியிலும் ஒரு பிளேட் வீணானாலும் மாற்று வாங்கக் கால அவகாசம் இருக்காது. 6061 அலுமினியத்தை டி4, டி6, டி651 ஆகிய மூன்று டெம்பர்களிலும் (வெப்பப் பதம்) வாங்கிக் கடைந்து பார்த்த அனுபவத்தில், எதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

மூன்றும் ஒரே உலோகக் கலவைதான். சுமார் 1 சதவீதம் மெக்னீசியமும் 0.6 சதவீதம் சிலிக்கானும் அதில் முக்கியமான சேர்மானங்கள். ஏறக்குறைய 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, தண்ணீரில் சட்டெனக் குளிர்வித்து, அறை வெப்பத்திலேயே முதிர விட்டால் அது டி4. குளிர்வித்த பின் 160 முதல் 175 டிகிரி வரையிலான அடுப்பில் பல மணி நேரம் வைத்து முதிரச் செய்தால் டி6. டி4-இன் விளைவு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) பொதுவாக 145 மெகாபாஸ்கல், டி6-இன் வலிமை 276. பிரினெல் கடினம் 65-இலிருந்து 95-க்கு உயர்கிறது. டி651 என்பது வலிமையில் டி6-ஏதான். குளிர்வித்த பிளேட்டை அடுப்பில் வைக்கும் முன் 1.5 முதல் 3 சதவீதம் வரை நிரந்தரமாக நீளும்படி இழுத்து, உள்ளே தங்கிய இறுக்கத்தைத் தளர்த்தியிருப்பார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. விலைப்பட்டியலில் அற்பமாகத் தெரியும் அந்த '51' எங்களுக்கு ஒரு வாரத்தை விழுங்கியது.

வேலை இதுதான்: 300-க்கு 200 மில்லிமீட்டர் அளவில், 25 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டில் ஒரு பக்கம் மட்டும் குழி எடுத்து, அடியில் 6 மில்லிமீட்டர் விட்டு, உணர்கருவி வைக்கும் பெட்டியாக்க வேண்டும். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள துண்டில் பாதிக்கு மேல் சீவலாகவே போய்விடும். வெளியூர்க் கடை ஒன்றில் டி6 என்று சொல்லித் தந்த பட்டையை, சான்றிதழ் கேட்காமல் வாங்கியது என் தவறு. வைஸில் (துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்திருந்தவரை எல்லா அளவும் சரியாக இருந்தது. கழற்றி மட்டப்பலகையில் வைத்து டயல் அளவி ஓட்டியபோது நடுப்பகுதி மட்டும் பலகையைத் தொட, நான்கு மூலைகளும் கிண்ணத்தின் விளிம்பு போல 0.4 மில்லிமீட்டர் எழும்பி நின்றன. நான் இயந்திரத்தைச் சந்தேகித்து ஸ்பிண்டிலைச் சோதித்துக்கொண்டிருக்க, முப்பது ஆண்டுகளாக லேத் ஓட்டும் எங்கள் டர்னர் அண்ணாச்சி, "தம்பி, மிஷின்ல ஒரு கொறையும் இல்ல, பட்டைக்கு உள்ளதான் முறுக்கு இருக்கு" என்றார்.

அவர் சொன்னதுதான் உண்மை. தண்ணீரில் முக்கும்போது வெளித்தோல் முதலில் குளிர்ந்து விறைத்துவிடுகிறது. பிறகு உள்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுப்பதால், தோல் அமுக்கத்திலும் உள்பகுதி இழுவிசையிலும் ஒன்றையொன்று சமன் செய்தபடி நிற்கின்றன. மேல் தோலைச் சீவி எறிந்ததும் அந்தச் சமன் குலைந்து, அமுக்கத்தில் இருக்கும் அடித்தோல் விரிய முயல்கிறது. மூலைகள் எழும்புவது அதனால்தான். அழுத்திப் பிடித்து மறுபடி மட்டம் சீவினாலும், கழற்றியவுடன் வேறு விதமாக வளையும்.

அடுத்த முறை, ஆலைச் சான்றிதழோடு வந்த டி651 பிளேட்டில் அதே வேலையை அதே நிரலால் செய்தோம். இரு பக்கமும் முரட்டு வெட்டு முடித்து, வைஸைத் தளர்த்தி, லேசாக மறுபடி பிடித்து இறுதி வெட்டு எடுத்தோம்; சமதளம் வரைபடம் கேட்ட எல்லைக்குள் நின்றது. ஒரு பக்கக் குழி, மெல்லிய அடி, அகன்ற முகம் என்று வரும் வேலைகளுக்கு டி651-க்கு மாற்று கிடையாது என்பது என் தீர்ப்பு. ஆனால் வைஸின் அழுத்தத்தில் துண்டு நெளிவதை இது தடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்த டெம்பரானாலும் மீள்திறன் எண், அதாவது விறைப்பு, 69 கிகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். வைகாசி மதியத்தில் வெட்டி முடித்த சூட்டோடு அளப்பதும் கூடாது, ஏனெனில் 10 டிகிரி வித்தியாசத்துக்கே 300 மில்லிமீட்டர் நீளத்தில் 0.07 மில்லிமீட்டர் கூடிவிடும்.

உருளைத் தண்டில் புஷ்ஷும் ஸ்பேசரும் கடைவதற்கு டி6 தாராளமாகப் போதும். சுற்றிலும் ஒரே சீராகச் சீவப்படுவதால் வளைவு பெரிதாகத் தெரிவதில்லை. சீவலும் உடைந்து விழும், முகம் பளபளப்பாக வரும். இதற்கு டி651 விலை கொடுப்பது தண்டச் செலவு.

டி4-ஐ நான் கடைசலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். மென்மையால் சீவல் நீளநீளமாகச் சுற்றிக்கொள்கிறது, எண்ட் மில் என்னும் வெட்டுக் கருவியின் முனையில் உலோகம் ஒட்டிக்கொண்டு முகத்தைக் கீறுகிறது. மண்ணெண்ணெய் விட்டால் ஓரளவு குறையும். தகட்டை மடக்க வேண்டிய வேலைக்கு மட்டும் அது நல்லது. மடக்கிய பின் அடுப்பில் முதிரவைத்து டி6-க்குக் கொண்டுபோகவும் முடியும்.

வாங்கும்போது '6061' என்று மட்டும் கேட்டால் கையில் இருப்பதைத் தள்ளிவிடுவார்கள். எச்.இ.30 என்று நம் பக்கம் வழங்குவது 6082-க்கு இணையான வேறு கலவை. அதுவும் நன்றாகவே கடையும், ஆனால் வரைபடத்தில் 6061 என்றிருந்தால் வாடிக்கையாளரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. அழுத்திப் பிதுக்கி எடுத்த பட்டையில் டி6511 என்றிருந்தால், இழுத்த பின் லேசாக நேராக்கவும் செய்திருக்கலாம் என்று பொருள். எங்கள் குழி வேலைக்கு அதுவும் சரிப்பட்டது. டி6 என்று மட்டும் இருந்தால் இழுத்துத் தளர்த்தியதற்கு உத்தரவாதம் இல்லை. பிளேட்டின் மேல் வரிவரியாக அச்சிட்டிருக்கும் கலவை, டெம்பர், லாட் எண் மூன்றையும் சான்றிதழோடு ஒப்பிட்ட பிறகே இப்போது பணம் கொடுக்கிறோம். அறுக்கும்போது அச்சு உள்ள முனையைக் கடைசியாக விட்டு, மீதித் துண்டுகளில் டி651-க்குப் பச்சை, டி6-க்கு மஞ்சள் என்று பெயிண்ட் அடித்து வைப்பது அண்ணாச்சியின் ஏற்பாடு.