லென்ஸ் மங்கலா, போன் மங்கலா?

கை ஆடியதாலும் ஃபோகஸ் தவறியதாலும் கலங்கிய படங்களை விட்டுவிடலாம். அவை பொய் சொல்வதில்லை. பிரச்சினை, வேண்டுமென்றே போடும் மங்கலில்தான். ஆளை மட்டும் துல்லியமாக வைத்துப் பின்னணியை மங்கலாக்கும் போனின் போர்ட்ரெய்ட் மோடு போதாதென்று, அதே வேலையைக் கண்ணாடியால் செய்யும் ஒரு 85 எம்எம் எஃப்/1.8 லென்ஸைக் கேமராவுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கியவன் நான். எந்தப் பக்கம் சாய்வேன் என்று சொல்லத் தேவையில்லை.

லென்ஸ் மங்கல் தூரத்துக்குக் கட்டுப்பட்டது. ஃபோகஸ் வைத்த இடத்திலிருந்து விலக விலகக் கூடும். போனோ எது ஆள், எது பின்னணி என்று ஊகித்து வெட்டுகிறது. குளச்சலில் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரை இரண்டிலும் எடுத்தேன். போன் படத்தில் விரல் துல்லியம். விரலிலிருந்து கிளம்பிய நூல் அரைச் சாண் தாண்டியதும் மணலோடு கரைந்துவிட்டது, கண்ணிகளில் பாதியைக் காணோம். "வலை எங்க மக்கா?" என்றார். லென்ஸ் படத்திலும் வலையின் தூரத்து ஓரம் மங்கல்தான்; ஆனால் படிப்படியாக மங்குகிறது, எங்கும் வெட்டுப்படவில்லை. போனில் இன்னொன்று, வீட்டுக்கு வந்தபின்பும் மங்கலைக் கூட்டலாம், குறைக்கலாம். பின்னணியை டிஜிட்டலாக மங்கலாக்கக் கூடாது என்று ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனம் விதியே வைத்திருக்கிறது. புதுப் போன்கள் நூலையும் முடியையும் நன்றாகப் பிடிக்கின்றன என்கிறார்கள். நான் பழகிப் பார்த்ததில்லை.

ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்துவைத்தால், அசைவது கலங்கும் ஷட்டர் மங்கலும் எனக்குப் பிடிக்கும், ஓர் அளவு வரை. தோவாளையில் பிச்சிப்பூ கட்டும் அக்காவை 1/15 நொடியில் எடுத்தால் விரல் கலங்கும், முகம் நிற்கும். அந்த வேகம்தானே அங்கே விஷயம். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டி ஷட்டரை 30 நொடி திறந்துவைத்தால் கதை வேறு. படகுப் போக்குவரத்தை நிறுத்தும் அளவுக்குக் கொந்தளித்த கன்னியாகுமரிக் கடலும் பஞ்சுப்பொதியாகிவிடும். அங்குள்ள 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்துகொண்டிருக்கும் கூட்டம் பெரும்பாலும் மறைந்துபோகும். காலண்டருக்குச் சரி, 'இன்றைய நிலவரம்' என்று போட்டால் ஒப்பமாட்டேன்.

போக்சோ வழக்கில் குழந்தையின் முகத்தை மறைப்பது சட்டக் கட்டாயம். மறைத்திருப்பது பார்ப்பவருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதபடி பின்னணிக் குப்பைமேட்டைக் கரைப்பதைத்தான் நான் ஏற்பதில்லை. 'எஃப்/1.8 லென்ஸும் அதைத்தானே செய்யும்?' என்றால், செய்யும். குப்பைமேடும் செய்தியில் சேர்த்தி என்றால் பின்னணியும் தெளிவாகத் தெரிய, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/8க்குப் போய்விடுவேன்.