வயல்வரப்பில் ‘ஜிபிஎஸ் கேமரா’ செயலி: ஒரு மதிப்புரை

டெல்டா மாவட்டங்களில் ‘ஜிபிஎஸ் போட்டோ’ என்றால் என்னவென்று தெரியாத விவசாயி இன்று அரிது. தூர்வாரிய வாய்க்கால், அரசுத் திட்டத்தில் கட்டும் வீட்டின் அஸ்திவாரம், மழையில் சாய்ந்த சம்பா என எதற்கும் இடமும் நாளும் நேரமும் பொறித்த படத்தைத்தான் கேட்கிறார்கள். படத்தின் அடியில் சிறு வரைபடத்துடன் இவற்றை அச்சிட்டுத் தரும் இலவசச் செயலி ஒன்றை நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்து வயல்களில் ஒரு சம்பா பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்து எழுதுகிறேன். பிளே ஸ்டோரில் கிடைக்கும் இவ்வகைச் செயலிகளின் குணமும் குறையும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, செல்போன் சிக்னல் இல்லாத இடத்திலும் இது வேலை செய்வதை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரடியாக வருவது. அதற்கு இணையம் தேவையில்லை. இணையம் இருந்தால் செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரம் உடனே இறங்கிவிடும். இல்லையென்றால் அதை வானிலிருந்தே வாங்க அரை நிமிடமோ சற்றுக் கூடுதலாகவோ ஆகும். எனவே வரப்பில் ஏறியதும் அவசரமாகப் பொத்தானை அழுத்தாமல், திரையின் ஓரத்தில் காட்டப்படும் பிழை அளவு குறையும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது வரைபடக் கட்டம் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தாலும், எண்கள் சரியாகவே பதிவாகியிருக்கும்.

ஆனால் அந்த எண்களைச் செயலி காட்டும் தோரணையை அப்படியே நம்பக் கூடாது. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஆறு தசம இலக்கம் வரை அச்சிடுகிறது. ஆறாவது இலக்கம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். திறந்த வெளியிலேயே சாதாரண ஸ்மார்ட்போனின் பிழையோ 5 மீட்டர் அளவில் இருக்கும். மரத்தடியிலும் கட்டடங்களின் ஓரத்திலும் அது இன்னும் கூடும். அகலம் குறைந்த வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கும் நம் ஊரில் 5 மீட்டர் என்பது பக்கத்து வயல்காரருடைய நிலம். வரப்போரம் நின்று எடுப்பதைவிட வயலின் நடுப்பகுதிக்கு இறங்கி எடுப்பதே பாதுகாப்பு. சேற்றில் கால் வைக்கத் தயங்குபவர்களுக்கு இந்தச் செயலி அரைப் பயன்தான் தரும்.

முகவரி வரிதான் இதன் மிகப் பலவீனமான பகுதி. செயலி முகவரியை அறிந்து எழுதுவதில்லை; அந்தப் புள்ளிக்கு அருகில் வரைபடத்தில் பெயரிடப்பட்டிருக்கும் சாலையையோ ஊரையோ எடுத்து ஒட்டுகிறது. இரண்டு வருவாய்க் கிராமங்களின் எல்லையில் இருக்கும் வயலுக்கு அடுத்த ஊரின் பெயர் வந்துவிடுகிறது. மண்பாதையாக இருந்தால் ‘அன்நேம்டு ரோடு’ என்று விழுகிறது. (தலைமுறை தலைமுறையாகப் பெயருள்ள பாதைகள் அவை.) சிட்டா, அடங்கலில் உள்ள சர்வே எண்ணையும் உட்பிரிவையும் செயலியால் தர இயலாது. குறிப்புக்கென ஒதுக்கிய கட்டத்தில் அவற்றை நாமே தட்டச்சு செய்தால்தான் கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் படம் செல்லுபடியாகும்.

படத்தின் மேல் தெரியும் முத்திரை வேறு, கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற பகுதியில் மறைந்திருக்கும் இடத்தகவல் வேறு. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளிருக்கும் தகவல் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தங்கும். அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் 14 நாட்களுக்குள் பருவம் தப்பிய மழையில் கெட்டால், பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டப்படி 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பரபரப்பில் படங்களைக் குழுவில் போட்டுவிட்டு மூலக் கோப்பை அழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முத்திரை மட்டுமே சான்றாகிவிடாது. போனின் கடிகாரத்தை மாற்றலாம், ஆண்ட்ராய்டில் பொய்யான இடத்தையும் ஊட்டலாம். ஆகவே மூலக் கோப்பை வைத்திருப்பது அவசியம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பயன் அலுவலகம் சார்ந்தது அல்ல. இந்தப் படங்களைக் கூகுள் போட்டோஸின் வரைபடப் பார்வையில் திறந்தால், வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து பாமணியாறு, கோரையாறு கரைகளை ஒட்டிப் படங்கள் தாமாகவே வரிசை கட்டி நிற்கின்றன. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் எந்த மதகின் ஷட்டர் துருப்பிடித்திருந்தது, எந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது என்பதைத் தேதி வாரியாக ஒப்பிட முடிகிறது. மனுவில் நான்கு பக்கம் எழுதுவதைவிட இது சீக்கிரம் புரிய வைக்கிறது.

அனுமதி கேட்கும்போது ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லியமான இடம், தோராயமான இடம் என்ற தேர்வும் உண்டு. தோராயத்தைத் தொட்டுவிட்டால் ஊரே மாறிப்போகும். வீட்டுக்குள் எடுக்கும் குடும்பப் படங்களுக்கு இச்செயலியைத் திறக்கவே வேண்டாம். கோப்புக்குள் இருக்கும் தகவலை வாட்ஸ்அப் நீக்கினாலும், அச்சிட்ட வீட்டு முகவரி படத்தோடு ஊர் சுற்றும்.

இலவசப் பதிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு முழுத்திரை விளம்பரம் வருகிறது. தூறலில், ஈரக் கையோடு அதை மூடுவது எரிச்சலான வேலை. மாதத்துக்கு ஓரிரு படம் எடுப்பவர்கள் பொறுத்துக்கொள்ளலாம். பாசனச் சங்கத்துக்காகவோ காப்பீட்டுக்காகவோ வயல் வயலாகப் போகிறவர்கள் கட்டணப் பதிப்பை வாங்கிவிடுவது நல்லது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். குறைத்த ஒன்றரையில் பெரும்பகுதி அந்த முகவரி வரிக்கானது.