5.1 என்று விற்றார்கள், ஊஃபரின் முதுகில் இரண்டே ஓட்டை

ராமநாதபுரம் பக்கம் கம்ப்யூட்டருக்கு ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள், கடைக்குள் நுழைந்ததும் பாட்டுப் போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். அடிச்சத்தம் தருகிற ஊஃபர் பெட்டியைத் திருப்பி அதன் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். நான் பாட்டைத்தான் கேட்டேன். செட்டுக்கு 7,500, மாட்டுக்கூலி 1,200, அப்புறம் 1,850க்கு ஒரு குட்டி டப்பா, ஆக 10,550 ரூபாய் கையைவிட்டுப் போனது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு மண்டபம். ஐஸ் கம்பெனியில் வேலை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்றால் போட்டுக்காரர்களோடு சேர்ந்து எங்களுக்கும் வேலை சுருங்கிவிடும். மச்சான் விசைப்படகில் டிரைவர், அவரும் கரையில். "பெரிய கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு. நல்ல சவுண்டு வச்சா பிள்ளைகளோட உக்காந்து படம் பார்க்கலாம்ல மாப்ள" என்று அவர்தான் ஆரம்பித்தார். மே மாதம் ஒரு நாள் இரண்டு பேரும் பஸ் ஏறி ராமநாதபுரம் போனோம்.

கடையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அட்டைப்பெட்டியில் பெரிதாக 5.1 என்றும், அதைவிடப் பெரிதாக 12,000 வாட் பிஎம்பிஓ என்றும் போட்டிருந்தது. "கம்ப்யூட்டர்ல 5.1 வருமா?" என்று நான் மூன்று முறை கேட்டேன். "வரும்ணே, ஆக்ஸ் ஒயர் குத்துனாப் போதும்" என்று மூன்று முறையும் அந்தத் தம்பி சொன்னார். வராது என்பதை அந்தப் பதிலிலேயே அவர் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

வாட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 12,000 வாட் என்றால் 16 எச்பி. சின்ன வல்லத்தில் மாட்டுகிற இன்ஜினே 10 எச்பிதான். செட்டோடு வந்த அடாப்டரில் 12 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 60 வாட். உள்ளே போவதே 60 என்றால் அதற்கு மேல் ஓயாமல் வெளியே வர வழியில்லை. பிஎம்பிஓ என்பது பெட்டியை விற்பதற்கான எண். ஆர்எம்எஸ், அதாவது ஓயாமல் தருகிற வாட், என்று போட்டிருக்கிற எண்ணைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அடாப்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு.

மறுநாள் மாட்டுவதற்கு ஆள் வந்தார். முன்னால் மூன்று, பின்சுவரில் பரணுக்குப் பக்கத்தில் இரண்டு என்று ஆணி அடித்தார். பிறகு பையிலிருந்து ஒரே ஒரு ஒயரை எடுத்தார். ஒரு முனையில் ஒற்றைப் பின், மறுமுனையில் சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஒற்றைப் பின்னை சிபியூவின் பச்சை ஓட்டையிலும் சிவப்பு வெள்ளையை ஊஃபரின் முதுகிலும் குத்தினார். அங்கே இருந்ததே அந்த இரண்டு ஓட்டைதான். பாட்டுப் போட்டார். ஐந்து ஸ்பீக்கரும் ஒன்றாக முழங்கின, ஜன்னல் கம்பி அதிர்ந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடா இது, கல்யாண வீட்டு மைக்செட் மாதிரில்ல இருக்கு" என்றார். சிரித்துவிட்டு 1,200 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா சொன்னதுதான் சரி என்று தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஜூன் கடைசியில், காலேஜில் படிக்கும் மருமகன் லீவுக்கு வந்தான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்தான். "ஏன் மாமா, ஹீரோ என் பிடரிக்குப் பின்னால நின்னு பேசுறான்?" என்றான்.

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும் இருக்கிற செட் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஸ்பீக்கர் கணக்கு இல்லை, சத்தத்தின் கணக்கு. முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது, அடிச்சத்தத்துக்கு ஒன்று என்று ஆறு தனித்தனிச் சத்தங்கள் படத்தோடு வர வேண்டும். பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். நமக்கு மாட்டிய அந்த ஒற்றைப் பின்னில் இரண்டு சத்தம்தான் போகும், இடதும் வலதும். ஊஃபருக்குள் இருக்கிற போர்டு அந்த இரண்டையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துவிடுகிறது. இரண்டு கூடை சாளையை ஐந்து கூடையாகப் பரப்பி வைத்து, ஐந்து வகை மீன் என்று ஏலம் கூறின கதை.

அதனால்தான் கடையில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறார்கள். பாட்டு பெரும்பாலும் ஸ்டீரியோவில், அதாவது இடது வலது என்று இரண்டே சத்தத்தில்தான் இருக்கும், யூடியூப் வீடியோவும் பெரும்பாலும் அப்படித்தான். ஐந்திலும் ஒரே சத்தம் வந்தால் கேட்கிறவனுக்கு நிறைவாகத்தான் இருக்கும். புளூடூத்தில் போட்டுக் காட்டினாலும் அதே கதைதான், அதிலும் இரண்டுக்கு மேல் போகாது.

கடைக்குப் போன் போட்டேன். "உங்க கம்ப்யூட்டர்ல சவுண்ட் கார்டு பத்தாதுண்ணே. 7.1 கார்டு ஒண்ணு வருது, போட்டா பிரமாதமா இருக்கும்" என்றார்கள். பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார்கள், பணத்தை ஜிபேயில் போட்டேன். வந்தது கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி டப்பா. மேலே 7.1 என்று அச்சடித்திருந்தது. அதில் பச்சையாக ஒரு ஓட்டை, ரோஸ் நிறத்தில் ஒரு ஓட்டை. ரோஸ் மைக்குக்கு. ஆக, சத்தம் வெளியே போக ஒரே ஓட்டை, அதே இரண்டு சத்தம்.

இதைச் சோதித்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்கும் பயன்படும். விண்டோஸில் பழைய கண்ட்ரோல் பேனலுக்குள் சவுண்ட் என்று ஒன்று இருக்கும். அதில் ஸ்பீக்கரைத் தேர்ந்து கான்ஃபிகர் கொடுத்தால் ஸ்டீரியோ, 5.1, 7.1 என்று பட்டியல் வரும். 5.1ஐத் தொட்டால் ஒரு அறைப் படமும், சுற்றிலும் ஸ்பீக்கர் படங்களும் தெரியும். ஒவ்வொரு படத்தையும் தட்டினால் அந்த ஸ்பீக்கர் மட்டும் சத்தம் போட வேண்டும். டப்பாவை இயக்குகிற டிரைவர் மென்பொருளைப் போட்டதும் பட்டியலில் 7.1 வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது. மருமகன் மவுஸைப் பிடித்துக்கொண்டான். மச்சான் ஸ்டூல் மேல் ஏறிப் பின் இடது ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தார், நான் முன் இடதில்.

"பின் இடது" என்று தட்டினான். "இங்கே வருது" என்றார் மச்சான். எனக்கும் வந்தது. "முன் இடது." இரண்டு பேருக்கும் வந்தது. "நடு." வீடே சத்தம் போட்டது. மச்சான் ஸ்டூலிலிருந்து இறங்கி, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

பட்டியலில் 7.1 என்று காட்டுவதை நம்ப வேண்டாம். எட்டுச் சத்தத்தையும் டிரைவர் உள்ளுக்குள் கலந்து இரண்டாக்கி வெளியே விடுகிறது. ஹெட்போன் போட்டு கேம் விளையாடுகிறவர்களுக்கு அது ஏதோ சுற்றிக் கேட்பது போல இருக்குமாம், இருக்கட்டும். ஐந்து பெட்டிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதைவிட வயிறெரிந்தது எதற்கென்றால், அந்த டப்பாவே தேவையில்லை. மருமகன் சிபியூவின் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினான். பச்சை, நீலம், ரோஸ் என்று மூன்று ஓட்டை. சாதாரணமாக நீலம் வெளியிலிருந்து சத்தம் வாங்க, ரோஸ் மைக்குக்கு. ஆனால் எங்கள் மதர்போர்டின் ரியல்டெக் மென்பொருளில் 5.1 என்று மாற்றிவிட்டால் நீலம் பின் ஸ்பீக்கர்களுக்கும், ரோஸ் நடுவுக்கும் ஊஃபருக்கும் என்று மாறிவிடுகிறது. மைக் வேண்டுமென்றால் முன்பக்க ஓட்டை இருக்கிறது. ஐந்து, ஆறு ஓட்டை உள்ள போர்டுகளில் கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் ஊஃபருக்கும் என்று தனியாகவே இருக்கும். அதாவது என் கம்ப்யூட்டர் முதல் நாளிலிருந்தே ஆறு சத்தத்தையும் தரத் தயாராகத்தான் இருந்தது. வாங்கிக்கொள்ள ஊஃபருக்குத்தான் வாய் இல்லை. சிவப்பு வெள்ளை ஜோடி மட்டும் இருந்தால் அது ஸ்டீரியோ. அதே மாதிரி ஆறு ஆர்சிஏ ஓட்டையோ, மூன்று பின்னுக்கான ஓட்டையோ இருந்தால்தான் இந்த வழியில் 5.1 வரும். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஓட்டைதான், அதனால் அவர்களுக்கு எச்டிஎம்ஐ ஒயரில் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தருகிற ரிசீவரோ, நிஜமாகவே பல ஓட்டை உள்ள யூஎஸ்பி கார்டோதான் வழி.

மறுபடி கடைக்குப் பேசினேன். கோபப்படவே இல்லை அவர்கள். "அப்ப ஆப்டிக்கல் செட்டுக்குப் போயிருங்கண்ணே, பழசை 2,000க்கு எடுத்துக்கிறோம், 14,000 வரும்" என்றார்கள். நல்லவேளை, மருமகன் பக்கத்தில் இருந்தான். ஆப்டிக்கல், அதாவது வெளிச்சத்தில் சத்தத்தை அனுப்புகிற ஒயரில், சுருக்காத சத்தம் இரண்டுதான் போகும். 5.1 போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்ப வேண்டும், அதைப் பிரிக்கிற டிகோடர் அந்தப் பக்கம் செட்டுக்குள் இருக்க வேண்டும். "அந்த செட்டுல டால்பி டிகோடர் இருக்கான்னு கேளுங்க மாமா" என்றான். கேட்டேன். "அதெல்லாம் எல்லாம் வரும்ணே" என்றார். "ஆக்ஸ் ஒயர் குத்துனாப் போதும்" என்று சொன்ன அதே குரல். போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒயர். கடலோரத்தில் இருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்டோபர் கழிந்து வாடைக்காற்று தொடங்கியதும் பின் இடது ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. கிளிப்பை அழுத்தி ஒயரை உருவினேன். முனையில் பச்சையும் வெள்ளையுமாக மாவு, தட்டினால் உதிர்கிறது. கத்தியால் ஒயரைச் சுரண்டிப் பார்த்தால் செம்பு நிறம் மேல்தோலோடு போய் உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு பூசிய சரக்கு. உப்புக்காற்றில் எந்த ஒயரும் கெடும்தான், ஆனால் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈர உப்பு பட்டால் அலுமினியம் வேகமாக அரித்துப்போகும். முழுச் செம்பு ஒயர் வாங்கி, முனைக்கு ஈயம் பிடித்து மாட்டச் சொல்லுங்கள். ஒயரைச் சுரண்டிக் காட்டச் சொன்னால் கடைக்காரர் முகம் எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

நேரில் போய்க் கேட்ட கதையும் உண்டு, அது ஜூலையிலேயே நடந்தது. சீட்டைத் திருப்பி "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டினார்கள். அந்தச் சீட்டே பில் இல்லை, எஸ்டிமேட். ஜிஎஸ்டி எண் கிடையாது. வீட்டுக்கு வந்து நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். பில் இல்லாவிட்டாலும் என்னிடம் வேறு இரண்டு இருந்தன. ஒன்று ஜிபே ரசீது. இன்னொன்று, வாங்குவதற்கு முந்தின நாள் பெட்டியின் படத்தோடு கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, "கம்ப்யூட்டர் 5.1 சப்போர்ட் உண்டு" என்று. புகார் எண்ணைக் கடைக்கு அனுப்பிய ஒரு வாரத்தில் போன் வந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு 1,850ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். செட்டுக்கு மட்டும் "நீங்க யூஸ் பண்ணிட்டீங்களே" என்பதே பதில்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை. 8,700 ரூபாய்க்காக எத்தனை நாள் லீவு போடுவது என்று ஒரு யோசனை, சோம்பலும்தான். வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வீட்டில் இப்போது இருப்பது மருமகன் அவன் நண்பனிடமிருந்து 3,000க்கு வாங்கித் தந்த பழைய செட். பார்க்க அழகில்லை, ஒரு பெட்டியில் வலைத்துணி கிழிந்திருக்கிறது. ஆனால் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று பின். பின் ஸ்பீக்கர்களைப் பரணிலிருந்து இறக்கி, உட்காருகிற இடத்துக்குப் பக்கவாட்டில் சற்றே பின்தள்ளிக் காதுக்குக் கொஞ்சம் மேலே வைத்திருக்கிறோம். பணம் கொடுக்கும் முன்பே மச்சான் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்துவிட்டார்.

அந்த 12,000 வாட் செட்டை அவரே வலைக் கொட்டகைக்குத் தூக்கிப்போய்விட்டார். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு ஓடுகிறது. கிழிந்த வலை பொத்துகிற ஆட்கள் நாலு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டு ஒரே மாதிரி கேட்கிறது. அங்கே அதுதான் வேண்டும்.